கடல் நிறக் கல்லும் நொய்யல் கரையும்

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் மத்தியதரைக் கடலோரத்து மக்களோடு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த நாடு இது. அந்த வணிகத்துக்குத் தடம் போட்டுக் கொடுத்தது நொய்யல். வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைத் தொட்டுக் காவிரியில் சேரும் ஆறு. நீளம் சுமார் 180 கிலோமீட்டர்.

மலையடிவாரத்தில் சின்னாறும் பெரியாறும் கலக்கும் இடம் கூடுதுறை. அங்கிருந்து தெளிந்த நீராக இறங்கி வரும் ஆறு, பேரூரில் பட்டீசுவரர் கோயிலைத் தொடுகிறது. ஆடிப்பெருக்குக்கும் அமாவாசைக்கும் படித்துறையில் கூட்டம் நெரியும். இந்தக் கோயிலின் தனிச்சிறப்பு ஆனி மாத நாற்று நடவு விழா. சுந்தரர் தேடி வந்தபோது ஈசனும் பச்சைநாயகியும் வயலில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தலபுராணம். சாமியையே சேற்றில் இறக்கி நடவுக்கு நிறுத்திய மண் இது.

பேரூருக்குத் தெற்கே சுண்டக்காமுத்தூர் மலைச்சரிவில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் ராஜகேசரிப் பெருவழி என்று பெயர் பெற்ற சாலையை அது குறிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுக்குப் போகும் வழி. அந்தத் தடம் ஆதித்தனுக்கும் பல நூற்றாண்டுகள் மூத்தது. மேலைக் கடற்கரையில் முசிறியில் இறங்கிய ரோமானியச் சரக்கும் காசும் கணவாயைத் தாண்டி, நொய்யல் கரையோடு கரூர் வரை போயின. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்த புதையலில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் போன்ற பேரரசர்களின் தலை பொறித்தவை.

நொய்யலில் வெள்ளம் ஓடுவது வருடத்தில் சில நாள்தான். அந்தச் சில நாள் நீரை அணைக்கட்டுகளில் மறித்து, வாய்க்கால் வழியே உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று குளங்களில் நிரப்பி வைத்தார்கள் முன்னோர்கள். குளம் நிறைந்தால் சுற்று வட்டாரத்துக் கிணறெல்லாம் ஊறும். இன்று அதே குளங்களுக்கு நகரத்துச் சாக்கடையும் வந்து சேர்கிறது, ஆகாயத்தாமரை மண்டுகிறது.

திருப்பூரைத் தாண்டி, சென்னிமலைப் பக்கம் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று பாடிய ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் முடிவு. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், மணி செய்த பட்டறைகளின் தடயங்களும் வெளிவந்தன. உடைத்த கல், செதுக்கிய கல், உரசி மெருகேற்றிய மணி, துளையிட்டது, துளையிடாதது என்று வேலையின் ஒவ்வொரு கட்டமும் அந்த மண்ணில் அப்படியே கிடந்தது. தெற்கே காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் எனும் நீலப்பச்சைக் கல் கிடைத்தது. பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிது என்று எழுதிய ரோமானியர் பிளினி, தெளிந்த கடலின் பச்சையைக் காட்டும் கல்லே அதில் உயர்ந்தது என்கிறார். கடலையே பாராத ஊரில் பட்டை தீட்டிய கல்லில், ரோமாபுரிச் சீமாட்டிகள் தங்கள் கடலின் நிறத்தைக் கண்டிருக்கிறார்கள்.

மேற்கு நாடுகளுக்குச் சரக்கு அனுப்புவது இந்தக் கரை இன்றும் விடாத தொழில். அன்று மணி, இன்று பனியன். திருப்பூர்ப் பின்னலாடை பல லட்சம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் சாயக்கழிவை ஆறு சுமந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. மதகைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வேகம் பிடித்தது. அதற்கு ஆகும் செலவு பெரிது. அதைச் செய்து காட்டிய பட்டறைகளுக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும்.

கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே ஆறு காவிரியில் கலக்கிறது. கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. முசிறியில் இறங்கிய காசு இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் நம் கைவேலையின் தரம். அந்தத் தரம் இன்றும் இருக்கிறது. சுத்திகரிப்புக்கு ஆகும் செலவைப் பட்டறைக்காரர் தலையில் மட்டும் கட்டாமல், ஐரோப்பியக் கடைகளில் தொங்கும் ஒவ்வொரு சட்டையின் விலையிலும் சேர்த்துக் கேட்க வேண்டும். கோவையும் தன் சாக்கடையைக் குளங்களுக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் நொய்யல் பிழைக்கும். நடக்க வைப்பது கொங்கு மக்களால் ஆகாத காரியமல்ல.