எண்ணெய் சொன்ன சாட்சி



2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை டெல்லியில் வாழும் நம்மில் எவரும் எளிதில் மறக்க இயலாது. ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து விநாடிக்கு மூன்றரை லட்சம் கன அடிக்கும் அதிகமான நீர் பாய்ந்துவந்து, ஜூலை 13 அன்று பழைய இரும்புப் பாலத்தருகே யமுனையின் மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. அங்கே அபாய அளவு 205.33 மீட்டர். அதற்கு முன்னிருந்த உச்சம் 1978இல் பதிவான 207.49 மீட்டர். ஐ.டி.ஓ. தடுப்பணையின் மதகுகளில் சில வண்டலில் இறுகித் திறக்க மறுத்ததால், இராணுவமும் கடற்படையும் வந்து உதவவேண்டியதாயிற்று. நதிப்படுகையில் காய்கறி பயிரிட்டும் கூலிவேலை செய்தும் பிழைத்துவந்த குடும்பங்கள் மயூர் விஹார் பக்கத்துச் சாலையோரங்களில் கூடாரமடித்துத் தங்கின.

நம் சபையார் அக்கூடாரங்களுக்கு உணவுப் பொட்டலங்கள் கொண்டுசென்றபோது நானும் உடன் சென்றேன். அங்கே பீகார் மாநிலத்துப் படகோட்டி ஒருவர், பொட்டலத்தை வாங்கிக்கொண்டே என் நகக்கண்களில் படிந்திருந்த கருமையைக் கவனித்துவிட்டு, "நீங்கள் மிஸ்திரியா?" என்று கேட்டார். மெக்கானிக்கை இவ்வூரில் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆம் என்றேன். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

அவருடைய படகு எஞ்சினோடு மூழ்கிக் கிடந்தது. ஏப்ரல் மாதத்தில்தான் தம் மனைவியின் தமையனிடமிருந்து பழைய படகாக அதை வாங்கியிருந்தார். கட்முக்தேஷ்வர் பக்கம் கங்கையில் ஓடிய படகு. பாதி விலை கொடுத்தாயிற்று. மீதி பதினைந்தாயிரம் ரூபாயைத் தீபாவளிக்குள் தருவதாகப் பேச்சு. எஞ்சின் என்றால் நம் நாகப்பட்டினத்து விசைப்படகு எஞ்சினைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். வயலில் தண்ணீர் இறைக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். வடநாட்டு ஆறுகளில் அதையே படகில் பொருத்தி ஓட்டுகிறார்கள். மழைக்காலத்தில் படகை ஓட்டும். கோடையில் இறக்கிவைத்தால் தோட்டத்துக்கு நீர் இறைக்கும். ஆகவே அவருக்கு அது ஒரு எஞ்சின் அல்ல, ஆண்டு முழுவதற்குமான பிழைப்பு.

"பையா, மூழ்கிய பின் அதைச் சுழற்றிப் பார்த்தீர்களா?" என்பதே நான் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்று சத்தியம் செய்தார்.

இதை வாசிக்கும் சகோதரர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிளோ ஜெனரேட்டரோ இருக்கும் என்பதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறும்போது காற்று ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. எஞ்சியிருக்கும் அந்தச் சிறு இடத்தில் தண்ணீர் நின்றால், பிஸ்டன் கற்சுவரில் மோதியதுபோல் நின்றுவிடும். கனத்த ஃப்ளைவீலோ நிற்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கனெக்டிங் ராடு வளைந்துபோகும். 2015 சென்னை வெள்ளத்தில் நனைந்த வாகனங்கள் பல, நீர் வடிந்த பின் உரிமையாளரே சாவியைத் திருகியதால் இப்படிக் கெட்டன.

ஜூலை 19 அன்று ஆறு இறங்கியபின் படகு தென்பட்டது. கயிறு பிடித்த மரத்தடியிலேயே சேற்றில் அமிழ்ந்திருந்தது. "இன்றே எஞ்சினை வெளியே எடுத்துக் காயவைக்கட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டார். வேண்டாம், நான் கருவிகளோடு வரும்வரை நீரிலேயே இருக்கட்டும் என்றேன். அவருக்கு இது விளங்கவில்லை. நீருக்குள் கிடக்கும் இரும்பைக் காட்டிலும், நனைந்தபடி காற்றுக்கு வந்த இரும்பு வெகுவேகமாகத் துருப்பிடிக்கும். இதை நான் கற்றது எங்கள் கடற்கரையில். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிஞ்சியவர்களின் படகுகளும் எஞ்சின்களும் உப்புநீரிலும் மணலிலும் புதைந்தன. 2005இன் தொடக்கத்தில், அவற்றைச் செப்பனிட்ட கொட்டகை ஒன்றில் நான் கையாளாக இருந்தேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் அண்ணாச்சி, முறை வராத எஞ்சின்களை நன்னீர் நிரம்பிய தொட்டியில் முக்கிவைக்கச் சொல்வார். பார்ப்பவர்கள் பைத்தியம் என்பார்கள். காத்திருந்தவையும் பிழைத்தன.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். வெளிப்புறத்தைக் கழுவி, டீசல் தெளிக்கும் நாசிலை முதலில் கழற்றினேன். உடன் வந்த விசுவாசிகள், எஞ்சின்மேல் கைவைத்து ஜெபிக்கலாமே என்றார்கள். ஜெபித்தோம்; ஆனால் நாசிலைக் கழற்றிய பிறகுதான் ஜெபித்தோம். பின்பு ஹேண்டிலை மெல்லச் சுற்ற, அந்தத் துளை வழியே பழுப்பு நீர் பீறிட்டு வந்தது. ராடு வளையவில்லை. ஸ்தோத்திரம் என்றேன்.

அடுத்து, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் திருகைத் தளர்த்தினேன். இங்கேதான் என் மனதில் முதல் முள் தைத்தது.

தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அசையாமல் கிடந்த எஞ்சினில் அது அடியில் தனியாக நிற்கும். எண்ணெய் மேலே கறுப்பாகவே மிதக்கும். திருகைத் தளர்த்தினால் முதலில் நீர், பின்பு கறுப்பு எண்ணெய் என வரவேண்டும். இதிலோ முதலில் கலங்கல் நீர் வந்தது. அதன்பின் வந்தது பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழவென்றிருந்தது. தண்ணீரும் எண்ணெயும் தாமாக அப்படிக் குழைவதில்லை. எஞ்சின் ஓடிக் கடைந்தால்தான் குழையும். வெள்ளத்துக்குப் பின் அது சுழலவில்லை. அப்படியானால் தண்ணீர் எப்போது உள்ளே போயிற்று?

"பையா, ஏப்ரலிலிருந்து எவ்வளவு எண்ணெய் ஊற்றினீர்கள்?" என்று கேட்டேன். அவர் பெருமையோடு, "ஒரு சொட்டும் இல்லை, மிஸ்திரி ஜி. இது எண்ணெய் குடிக்காத எஞ்சின் என்று மைத்துனர் சொல்லித்தான் கொடுத்தார்" என்றார். எண்ணெய் குடிக்காத பழைய டீசல் எஞ்சினை நான் பார்த்ததில்லை. அளவு குறையாததற்குக் காரணம், குறைந்த எண்ணெயின் இடத்தைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்ததே.

ஆயினும் அப்போது வாய் திறக்கவில்லை. சந்தேகம் வேறு, சாட்சி வேறு. மேலும் வண்டல் பேரிங்குகளில் இருக்கும்போது விசாரணைக்கு நேரமில்லை. டீசல் தொட்டியைக் காலிசெய்து, வடிகட்டியை மாற்றி, பம்பைக் கழற்றிக் கழுவினேன். அதன் உள்ளுறுப்புகளுக்கு இடையேயுள்ள இடைவெளி தலைமயிரின் கனத்தைவிட மிக நுண்ணியது. ஒரு துளி நீர் கெடுக்கப் போதும். மலிவான எண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி வடித்தேன். மீண்டும் ஊற்றி ஓட்டி வடித்தேன். மூன்றாம் முறை நல்ல எண்ணெய். எஞ்சின் இனிமையாக ஓடியது. கூடாரத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நான்கு மணிநேரம் ஓடியபின் அளவுக்கம்பியை எடுத்துப் பார்த்தேன். காப்பி நிறம் திரும்பியிருந்தது.

இனி நீர் வருவது ஆற்று வெள்ளத்திலிருந்து அல்ல, எஞ்சினுக்குள்ளிருந்தே. குளிர்விக்கும் நீர் எண்ணெயில் சேரும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, மேலேயுள்ள ஹெட் கேஸ்கெட். அது பழுதானால் ஓடும்போது வெளியேறும் நீரில் குமிழிகள் காணும். நிறுத்தினால் பிஸ்டன் தலையில் ஈரமிருக்கும். இரண்டும் இல்லை. மற்றொன்று லைனர். பிஸ்டன் ஓடும் அந்த உருளையின் வெளிப்புறத்தைச் சுற்றி நீர் நேரடியாகப் பாய்கிறது. அடியில் இரண்டு ரப்பர் வளையங்களே அதைத் தடுத்து நிறுத்துகின்றன. எண்ணெயை முற்றிலும் துடைத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து, லைனருக்குக் கீழே வெள்ளைத் தாள் ஒன்றை விரித்தேன். நீர்ப்பாதையை நிரப்பி இரு முனைகளையும் அடைத்து, சைக்கிள் பம்பினால் சற்றே அழுத்தம் கொடுத்து, அப்படியே இரவெல்லாம் விட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

காலையில் தாளின் ஒரு பக்கம் முழுவதும் நனைந்திருந்தது.

லைனரை இழுத்தெடுத்தபோது எல்லாம் வெளியாயிற்று. வெளிச்சுவரில் அம்மைத்தழும்பு போன்ற குழிகள். ரப்பர் வளையங்களுக்கு மேல் யாரோ பசையை அள்ளி அப்பியிருந்தார்கள். அப்பசைக்கு அடியில் ஏடு ஏடாகத் துரு. ஒரு வாரத்து வெள்ளத்தில் அப்படிப்பட்ட துரு விளையாது. எஞ்சின்மேல் பூசியிருந்த பச்சை வண்ணம் மட்டும் புத்தம் புதிது. எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தில், உறுதியற்ற சாந்து பூசப்பட்ட சுவரின்மேல் பெருமழை பொழிவதைப் பற்றி வாசித்திருக்கிறோம் அல்லவா? அந்தப் பகுதி என் கையில் கிடந்தது.

படகோட்டி கேட்டுவிட்டார்: "மிஸ்திரி ஜி, இது வெள்ளத்தில் கெட்டதா, முன்பே கெட்டதா?"

மீதிப் பணம் பதினைந்தாயிரமும், ஒரு தங்கைக்கும் தமையனுக்கும் இடையேயான உறவும் என் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தன. உடனிருந்த நம் சகோதரர் ஒருவர் தமிழில் மெதுவாக, "வெள்ளம் என்றே சொல்லிவிடுங்கள், அண்ணே. ஆற்றின்மேல் பழிபோட்டால் ஆறு வழக்குக்கு வராது. குடும்பம் பிரியாமலிருக்கும்" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சமாதானத்துக்கு யார் விலை கொடுப்பது? கூடாரத்தில் குழந்தைகளோடு இருப்பவரே கொடுக்கவேண்டும். அது எனக்குச் சம்மதமாயில்லை. அதே வேளையில், விற்றவர் அறிந்தே ஏமாற்றினார் என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. பசையை அப்பிய கை யாருடையது என்று லைனர் சொல்லாது. ஆகவே கண்டதை மட்டும் சொன்னேன். "வெள்ளம் கெடுத்ததை முதல் நாளே சரிசெய்தாயிற்று. இது ஏப்ரலுக்கு முன்பே இருந்த பழுது. உங்கள் மைத்துனரை வரச்சொல்லுங்கள். அவர் பார்க்கும்வரை இதை நான் கழுவமாட்டேன்."

அந்த இரவு அவருக்காகவும், நான் முகம் பாராத அந்த மைத்துனருக்காகவும் ஜெபித்தேன். மூன்றாம் நாள் வந்தார். முதலில் குரலை உயர்த்தினார். பின்பு லைனரை வாங்கி, வளையம் பொருந்தும் பள்ளத்தில் விரலை விட்டுப் பசையைக் கிள்ளிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. தாமும் அதை வேறொருவரிடம் பழையதாகவே வாங்கியதாகச் சொன்னார். நான் ஏதும் கேட்கவில்லை. உதிரிபாகங்களின் விலையை மீதிப் பணத்தில் கழித்துக்கொள்ளுமாறு அவரே தங்கையிடம் சொன்னார்.

கஷ்மீரி கேட் சந்தையில் புது லைனர், பிஸ்டன் ரிங்குகள், ரப்பர் வளையங்கள், பேரிங் ஆகியவற்றை ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினோம். பள்ளங்களைச் சுரண்டி வழவழப்பாக்கி, வளையங்களுக்குச் சோப்புநீர் தடவி இறக்கினேன். கிரீஸ் தடவக்கூடாது, சிலவகை ரப்பர் அதில் ஊதிப்போகும். மறுபடியும் வெள்ளைத் தாள், மறுபடியும் ஓர் இரவு. தாள் உலர்ந்தே இருந்தது.

2025 செப்டம்பர் தொடக்கத்தில் யமுனை மீண்டும் பெருகி 207.48 மீட்டர்வரை ஏறிற்று. இம்முறை நீர் வருமுன்னரே அவரும் மைத்துனரும் இன்னும் இருவரும் சேர்ந்து எஞ்சினைக் கழற்றி மேட்டுச் சாலைக்குத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். அங்கிருந்து அவர் என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். ஆள் முகம் எதுவும் இல்லை. அளவுக்கம்பியின் நுனி மட்டும். எண்ணெய் கன்னங்கரேலென்று இருந்தது; கொஞ்சம் குறைந்தும் இருந்தது. கால் லிட்டர் ஊற்றச் சொன்னேன்.