செட்டுக்காரர் மகன்



நம் கலை விழாவைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். "மூணு நாளும் மேடைக்குப் பின்னாலேயே கிடந்தவன் நீதான், நீயே எழுதிடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். யார் பாடினார்கள், யார் ஆடினார்கள், யாருக்கு முதல் பரிசு என்பதெல்லாம் நீங்கள் நேரில் பார்த்ததுதான். அதனால் நீங்கள் பார்க்காத ஒன்றை எழுதுகிறேன். எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

நான் செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வருபவன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா களை எடுக்கப் போவார். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மைக் செட் கடை ஒன்றில் கூலிக்கு வேலை செய்கிறார். குழாய் கட்டப் புளியமரம் ஏறுவது, ஒயர் இழுப்பது, சீரியல் பல்பு மாட்டுவது, விடிய விடிய ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து கண் விழிப்பது, இதுதான் அவர் வேலை. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும். அந்த நாட்களில் அப்பா வீட்டில் தூங்கும் ராத்திரியை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலாமாண்டில் வகுப்பில் எல்லோரும் எழுந்து அறிமுகம் செய்துகொண்டோம். "அப்பா என்ன செய்றார்?" என்று கேட்டார்கள். "எலக்ட்ரிக்கல் லைன்ல இருக்கார்" என்றேன். பொய் இல்லை. ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரன் "ஈ.பி.யா?" என்று கேட்டபோது நான் சிரித்து வைத்தேன் பாருங்கள், அதுதான் பொய். அந்தப் பொய்யோடு இரண்டரை வருஷம் ஓட்டிவிட்டேன்.

இந்த மாசி மாதம் மூன்று மாலைகள் கலை விழா என்று மாணவர் பேரவை முடிவு செய்தது. முதல் நாள் இசை, இரண்டாம் நாள் நடனம், மூன்றாம் நாள் நாடகம். இறுதியாண்டு மின்னியல் மாணவன் என்பதால் மேடைக்கு லைன் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கழுத்தில் அட்டை வேறு மாட்டிவிட்டார்கள்.

ஒரு முழு நோட்டுப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஆயிரம் வாட் ஹாலஜன் நான்கு. நாலாயிரத்தை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 17 ஆம்பியர். அதோடு மைக் செட்டையும் சேர்த்தாலும் 32 ஆம்பியர் எம்.சி.பி. தாராளமாகத் தாங்கும். ஆக, மேடைக்குப் பக்கத்தில் இருந்த போர்டிலிருந்தே, ஒரே பேஸில் லைட்டுக்கும் செட்டுக்கும் லைன் கொடுத்துவிடலாம், ஒயரும் மிச்சம்! படத்தைப் பார்த்த ஹெச்.ஓ.டி. கணக்கு சரி என்று தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் மதியம் செட்டு ஏற்றிய டெம்போ கேட்டுக்குள் நுழைந்தது. பின்பக்கம் பாக்ஸ்களுக்கு நடுவில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் அப்பா.

பேரவையில் டவுன் கடை ஒன்றில் செட்டு பேசியிருந்தார்கள். அது அப்பா வேலை பார்க்கும் கடை என்று எனக்குத் தெரியாது. அப்பா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். என்னோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் அவரை "அண்ணே, பாக்ஸை இங்க வைங்கண்ணே, ஒயரை அங்க இழுங்கண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் என்னிடம் திரும்பி, "பிளக் பாயிண்ட் எங்கேன்னு அவர்கிட்ட காட்டுடா" என்றான்.

நான் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணே... இந்தப் பக்கம் வாங்க."

ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் அப்பா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம், "சரிங்க தம்பி" என்று சொல்லி ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் நடந்து வந்தார்.

அன்று மாலை இசை நிகழ்ச்சி. நம் தமிழ் ஐயா தொடக்க உரையில் சென்னை மார்கழி சீசனின் கதையைச் சொன்னார். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்ததாம், அதன் பயனாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்ததாம். மைக்கே இல்லாத காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடியதையும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கேட்டும் கேட்காமலும் நின்றிருந்தேன். ஹாலஜன்கள் முழு வெளிச்சத்தில் எரிந்தன, செட்டில் ஒரு குறையும் இல்லை. அப்பா ஓரத்தில் உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டாம் நாள் நடனம். சிவில் இரண்டாமாண்டுத் தங்கை ஒருவர் பரதநாட்டியம் ஆடினார். சின்ன வயதில் ஜவகர் சிறுவர் மன்றத்தில் கற்றுக்கொண்டவர். ஹாஸ்டல் மொட்டை மாடியில் இரண்டு மாதம் தனியாகப் பயிற்சி செய்ததை எல்லோரும் அறிவோம். அலாரிப்பு முடிந்தது. வர்ணம் தொடங்கியதும் திட்டப்படி டிம்மரைத் திருகி வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். உடனே பாக்ஸ் அத்தனையிலும் 'ர்ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல்! பாட்டும் கேட்கவில்லை, ஜதியும் கேட்கவில்லை. தாளம் தவறி அந்தத் தங்கை ஒரு கணம் நின்றுவிட்டார். பின்வரிசையில் விசில் பறந்தது.

"யோவ் செட்டு! என்னய்யா செட்டு வச்சிருக்கே?" என்று நம்மில் ஒருவன்தான் மேடையோரம் ஓடிவந்து கத்தினான். "டப்பா செட்டைக் கொண்டாந்து காசு வாங்கிட்டுப் போறீங்களா?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. சத்தத்தைக் குறைத்து, பாட்டு மட்டும் ஓரளவு கேட்கிற மாதிரி எப்படியோ சமாளித்தார். "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்று கும்பிட்டார். நான் நாலடி தூரத்தில், கழுத்தில் அட்டையோடு நின்றிருந்தேன்.

அன்று ராத்திரி எல்லோரும் போன பிறகு மேடைக்குப் பின்னால் போனேன். அப்பா ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"லைட்டும் செட்டும் ஒரே பேஸ்ல நிக்குதுடா. மைக் ஒயரும் லைட்டு ஒயரு கூடவே படுத்துக்கினு வருது. குறுக்கால தாண்டிப் போலாம், கூடவே போகக் கூடாது. நாளைக்கு லைட்டுக்குச் சிகப்பு, செட்டுக்கு நீலம்னு பிரிச்சுக் குடு. சரியாப்பூடும்."

எனக்கு உறைத்தது. டிம்மருக்குள் இருக்கிற டிரையாக், ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அலையை வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. 50 ஹெர்ட்ஸ் லைனில் வினாடிக்கு 100 வெட்டு. முழு வெளிச்சத்தில் வெட்டு ஏறக்குறைய இல்லை, அதனால்தான் முதல் நாள் தப்பித்தேன். பாதி வெளிச்சத்தில் வெட்டு அலையின் உச்சியிலேயே விழும். அந்த வெட்டுதான் செட்டுக்குள் புகுந்து இரைந்திருக்கிறது. இதையே பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கியவன் நான்! ஆம்பியரைக் கணக்குப் போட்டேன், இதை மறந்தேன். தப்பு செட்டில் இல்லை. நான் போட்ட லைனில்.

"உனக்கு அப்பவே தெரியுமாப்பா?"

"சத்தம் வந்த உடனே தெரிஞ்சுது. ஆட்டம் நடக்கச் சொல்ல லைனை மாத்த முடியுமா?"

"அவன் அப்படிக் கத்துறானே, அவன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, லைனு குடுத்தது யாருன்னு கேப்பாங்க இல்ல?" என்றார். "திட்டு வாங்குறது எனக்கு என்னா புதுசா? நீ படிக்கிற எடம்டா இது."

'அண்ணே' என்று நான் கூப்பிட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அன்று ஹாஸ்டலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை, மெயினை அணைத்துவிட்டு, நம் லேப் எலக்ட்ரீஷியன் முன்னிலையில் லைனை மாற்றினோம். லைட்டுக்கு ஒரு பேஸ், செட்டுக்கு ஒரு பேஸ். மைக் ஒயரை அப்பா மேடையின் அடுத்த ஓரமாக இழுத்தார். டிம்மரைப் பாதியில் வைத்துச் சோதித்தோம். இரைச்சல் போயே போச்சு.

அப்போது விழாக் குழு முழுவதும் அங்கே இருந்தது. முதல் நாள் கத்தியவனும் இருந்தான். "பரவாயில்லையே, அண்ணன் செட்டைச் சரி பண்ணிட்டாரே!" என்றான்.

"செட்டு சரியாத்தான் இருந்துச்சு. லைன்தான் தப்பு. போட்டது நான்" என்றேன். தொண்டை அடைத்தது. அதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். மறுபடியும் ஒரு 'எலக்ட்ரிக்கல் லைன்' ஆகிவிடும். "இவர் எங்க அப்பா" என்றேன்.

யாரும் பேசவில்லை. அப்பா பதறிப்போய், "அதுக்கின்னா இப்போ... வேலையப் பாருங்க" என்று ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டார். கத்தியவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கேன்டீனிலிருந்து டீயும் வடையும் வாங்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினான். அவன் அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவனும் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நடனமாடிய தங்கையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சீக்கிரம் சமாதானம் ஆகவில்லை. ஆகவும் வேண்டியதில்லை. இரண்டு மாத உழைப்பு அல்லவா! மூன்றாம் நாள் கூத்துக்கு முன் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, அந்த வர்ணத்தை மறுபடி ஆட வைத்தோம். பாதி வெளிச்சத்தில், ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லாமல் ஜதி கணீரென்று கேட்டது. இந்த மூன்று நாட்களில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

பிறகு தெருக்கூத்து, 'கர்ண மோட்சம்'. ஊரில் விடிய விடிய ஆடுவதை இங்கே இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்கினார்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாதே! கூத்து வாத்தியார் "எங்க தொண்டைக்குச் செட்டு எதுக்கு? மேல ரெண்டு மைக்கத் தொங்க விடு, போதும்" என்றார். தமிழ் ஐயா அறிமுகம் செய்யும்போது, நம் மாவட்டத்துப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்குத் தெருக்கூத்துக்காகவும், வேலு ஆசான் அவர்களுக்குப் பறை இசைக்காகவும் 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதைச் சொன்னார். அப்பாதான் முதலில் கை தட்டினார்.

முகவீணையும் மிருதங்கமும் முழங்க, கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன, திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் வந்தான். தேரோட்டி வளர்த்தவன் என்று இளப்பமாக நினைத்த மனைவி பொன்னுருவியிடம் போருக்குப் போகுமுன் விடைபெறும் கட்டம். இந்தக் கூத்தை ஊரில் எத்தனையோ தடவை அரைத் தூக்கத்தில் பார்த்தவன் நான். அன்றுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். கர்ணனைப் பெற்றவள் ஊருக்குப் பயந்து மறைத்தாள். வளர்த்த தேரோட்டியோ மகனை மறைக்கவில்லை. பக்கத்தில் அப்பா, அடுத்த அடி என்னவென்று தெரிந்தவராய், வாயை மட்டும் அசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தார். நான் இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கூத்து முடிந்ததும் நாலைந்து பேராகச் சேர்ந்து பாக்ஸ்களைத் தூக்கி டெம்போவில் ஏற்றினோம். அப்பா பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார். "பாத்துப் போப்பா!" என்று கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அப்பா துண்டை அசைத்தார்.

நண்பர்களே, அடுத்த ஆண்டு மேடைக்கு லைன் கொடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். லைட்டுக்கும் செட்டுக்கும் தனித்தனி பேஸ் கொடுங்கள். மைக் ஒயர் லைட் ஒயரைக் குறுக்கே தாண்டலாம், கூடவே போகக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். செட்டு போட அடுத்த முறையும் அவரே வரக்கூடும். நீங்கள் அவரை அண்ணே என்றே கூப்பிடுங்கள், சந்தோஷப்படுவார்.

எனக்கு மட்டும் அவர் அப்பா.

— இறுதியாண்டு, மின்னியல் துறை