பூனைக்கு உள்ளே, நாய்க்கு வெளியே

அக்டோபர் 6, லிவிங்ஸ்டன், டெக்சாஸ்

பூனையைக் கண்ணால் பார்க்காமல் ஸ்லைடு-அவுட் பொத்தானைத் தொடக் கூடாது. வீட்டை விற்றுவிட்டு, பிக்கப் இழுத்துச் செல்லும் ஃபிஃப்த் வீல் வண்டி வீட்டுக்குக் குடிவந்ததும் நாங்கள் போட்டுக்கொண்ட முதல் சட்டம் இது. வண்டி நின்றதும் பக்கச்சுவர் ஒன்று சோபாவோடு சேர்ந்து வெளியே நகர்ந்து கூடத்தை அகலமாக்கும். கிளம்பும்போது அப்படியே உள்ளே வந்துவிடும். அதன் அடியில் இருக்கும் இருட்டு இடுக்கு பூனைகளுக்குச் சொர்க்கம். அங்கே நசுங்கிப்போன பூனைகளைப் பற்றி, இப்படி வண்டி வீட்டில் வாழும் ஆர்.வி.க்காரர்கள் போகிற இடமெல்லாம் சொல்கிறார்கள்.

"ஏங்க, மிட்டாய் எங்க?"

"கூண்டுல இருக்கு."

"பாத்தீங்களா, இல்ல இருக்கும்னு சொல்றீங்களா?"

என் கணவர் இன்னொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பொத்தானை அழுத்தினார்.

லிவிங்ஸ்டனுக்கு வந்தது ஒரு முகவரிக்காக. சக்கரத்தின் மேல் குடியிருப்பவருக்கும் ஓட்டுநர் உரிமம், காப்பீடு, வாக்கு எல்லாவற்றுக்கும் ஒரு மாநிலம் வேண்டும். முழுநேர ஆர்.வி.வாசிகளில் பலர் டெக்சாஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி.வாசிகள் சங்கத்துக்கு இந்த ஊர்தான் தலைமையிடம். நமக்கு வரும் தபாலை வாங்கி வைத்து, நாம் இருக்கும் ஊருக்கு அனுப்பிவைப்பார்கள். எங்கள் நாய் மணியின் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பின் பதிவிலும் இந்த முகவரியை ஏற்றிவிட்டேன். அவன் கழுத்துப்பட்டையில் மட்டும் முகவரியே வேண்டாம் என்று முடிவு. தொலைந்துபோனால் அவன் திரும்பி வர வேண்டிய வீடு அன்றைக்கு எந்த மாநிலத்தில் நிற்குமோ. இரண்டு கைப்பேசி எண்கள் போதும்.

அக்டோபர் 18, லிவிங்ஸ்டன்

எல்லாரும் பூனையை நினைத்துத்தான் எங்களைப் பயமுறுத்தினார்கள். நாய் மனிதரைப் பற்றிக்கொள்ளும், பூனை வீட்டைப் பற்றிக்கொள்ளும், அதை இடம் மாற்றினால் தாங்காது என்றார்கள். மிட்டாய் முதலில் கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்தது உண்மை. இப்போது மேசையோரச் சன்னல் அவளுடைய சிம்மாசனம். லிட்டர் பெட்டி குளியலறைத் தொட்டியில். நாங்கள் குளிக்கும்போது அதை எடுத்து வெளியே வைக்கிறோம், முடிந்ததும் திரும்ப வைக்கிறோம். அந்த மணலைக் கழிப்பறையில் கொட்டவே முடியாது. ஈரம் பட்டால் உப்பிக் கெட்டியாகி, கழிவுத்தொட்டியை அடைத்துவிடும்.

மணிதான் தடுமாறுகிறான். தரையோரச் சுவரில் எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும் என்பதால் அதை அங்கே பொருத்துகிறார்கள். நாயின் காதுக்கு நேராக அமைந்துவிட்டது. ஏதோ காரணத்தால் அது ஒருமுறை 'கீச்' என்றதும் பன்னிரண்டு வயது நாய் நடுங்கிக்கொண்டு என் மடியில் ஏறப் பார்த்தது. ஆனால் அவனுடைய உண்மையான குறை வண்டிக்குள் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. கதவைத் திறந்தால் இறங்க மறுக்கிறான். படியில் நின்று மூக்கை நீட்டி மோந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான்.

நவம்பர் 12, அலமகோர்டோ, நியூ மெக்சிகோ

டெக்சாஸை விட்டு மேற்கே வந்ததில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போயிற்று. நவம்பர் முதல் ஞாயிறு நாட்டில் பெரும்பாலோர் கடிகாரத்தைத் திருப்பியதில் இன்னொன்று. மணியின் வயிற்றுக்குக் காலை ஆறு, கைப்பேசியில் நான்கு. சோற்றுத் தட்டை மூக்கால் தள்ளும் ஓசையில்தான் தினமும் விழிக்கிறோம். சாப்பாட்டு நேரத்தை ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் தள்ளிவைத்துச் சமாளிக்கிறேன். அடுத்து அரிசோனா. அங்கே பெரும்பகுதியில் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கமே கிடையாது என்பது ஓர் ஆறுதல்.

வொயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஆறடிக்கு மிகாத வாரில் பிடித்துக்கொண்டால் நாயை மணல்மேட்டில் நடத்தலாம். இது ஜிப்சம் மணல், சாதாரண மணலைப் போலப் பாதத்தைச் சுடாது. மணி நெடுநாளுக்குப் பிறகு ஓடினான். வண்டி நிற்கும் இடத்துக்கு வந்ததும் மறுபடி வாசலில் தயக்கம். அங்கே நெருஞ்சி முள் வேறு. நடந்து வந்த பின் நாலு பாதத்தையும் விரித்துப் பார்ப்பது தினசரி வேலையாகிவிட்டது.

டாலஸ் பக்கத்தில் நாங்கள் இருந்த தெருவை நினைத்துப்பார்க்கிறேன். முனையில் தீயணைப்புக் குழாய், அடுத்து மூன்று தபால்பெட்டிகள், ஒரு ஓக் மரம். ஒவ்வொன்றிலும் நின்று, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று மூக்கால் விசாரித்துவிட்டுத்தான் நகருவான். அவனுக்கு வீடு என்பது அந்தத் தெரு. நாங்கள் கட்டிலையும் தட்டுமுட்டையும் கொண்டுவந்தோம், தெருவைக் கொண்டுவர முடியவில்லை. மிட்டாய்க்கு அந்த இழப்பே இல்லை. அவள் டாலஸிலும் வாசல் தாண்டியதில்லை. சுவரும் வாசனையும் மாறாதவரை சன்னலுக்கு வெளியே எந்த மாநிலம் இருந்தால் அவளுக்கு என்ன?

ஜனவரி 15, குவார்ட்சைட், அரிசோனா

குளிர்காலத்தில் வட மாநிலங்களின் ஆர்.வி. கூட்டமெல்லாம் இந்தப் பாலைவனத்தில் இறங்குகிறது. நில மேலாண்மைத் துறையின் பொது நிலத்தில் பொதுவாக 14 நாள் தங்கலாம், பிறகு நகர்ந்துவிட வேண்டும். ஆனால் இங்கே லா போசா போன்ற நெடுநாள் தங்குமிடங்களில் அனுமதி வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை இருக்கலாம். அதன் கட்டணம் நெடுங்காலம் 180 டாலராக இருந்தது. மின் இணைப்பு இல்லை. சூரியத் தகடும் தண்ணீர்ச் சிக்கனமுமே வாழ்க்கை.

ஆபத்துகளும் உண்டு. சோய்யா கள்ளியின் முள்ளுருண்டை மணியின் காலில் ஒட்டியபோது, பக்கத்து வண்டிப் பெரியவர் ஓடிவந்தார். கையால் தொடாதே என்று சொல்லி, தலைசீப்பை நுழைத்து ஒரே நெம்பில் தூக்கி எறிந்தார். அன்றிலிருந்து என் பையில் ஒரு சீப்பு. இந்த மண்ணில் பள்ளத்தாக்குக் காய்ச்சலை உண்டாக்கும் பூஞ்சை இருக்கிறது. தூசியோடு மூச்சில் ஏறும். நாய்கள் தோண்டித் தோண்டி மோப்பதால் அவற்றுக்கு வாய்ப்பு அதிகம். இருமல், காய்ச்சல், நொண்டல் என்றால் உடனே காட்ட வேண்டும். இருட்டிய பின் கயோட்டிகளின் ஊளை. வாரில்லாமல் மணி ஓரடியும் வைப்பதில்லை.

இவ்வளவு இருந்தும் மணி தேறியது இங்கேதான். வந்த புதிதில் வழக்கம்போலப் படியில் நின்றான். பிறகு ஒரு கிரியோசோட் புதர், ஒரு பாறை, பெரியவரின் வண்டிச் சக்கரம் என்று தனக்கொரு சுற்றுப்பாதையை அமைத்துக்கொண்டான். இப்போது கதவு திறந்தால் எனக்கு முன்னால் இறங்குகிறான். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நின்றதைத் தவிர நாங்கள் எதையும் மாற்றவில்லை.

மார்ச் 28, கிராண்ட் கேன்யன், அரிசோனா

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களைச் சுற்றுவது கனவு என்று கிளம்புகிறவர்கள் நாயைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூங்காவுக்குப் பூங்கா விதி வேறு. இங்கே தெற்கு விளிம்பில் வாரோடு நடக்கலாம். விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும் பாதைகளில் நாய்க்கு இடமில்லை, பூங்காப் பேருந்திலும் இல்லை. பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் பூங்காவிலோ நடைபாதைகளில் தாராளமாகக் கூட்டிப்போகலாம்.

நாய்களை விட்டுவைக்க இங்கே கென்னல் உண்டு, தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். மணியின் வயதுக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். காலையில் அவர் இறங்கினார், பிற்பகலில் நான். சேர்ந்து பார்க்கவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு அவ்வளவு இல்லை. இரவு ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்ல நிறைய இருந்தது.

மே 27, அமரில்லோ, டெக்சாஸ்

மதியம் மளிகைக் கடையில் இருக்கும்போது கைப்பேசி அலறியது. வண்டிக்குள் வெப்பம் ஏறுகிறது என்று அங்கிருக்கும் வெப்பமானியின் எச்சரிக்கை. சாமான்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். வெயில் ஏறியதும் ஆர்.வி. பூங்காவில் எல்லாரும் ஏசியைப் போட, மின்னழுத்தம் இறங்கியிருக்கிறது. ஏசி கருகிவிடாமல் காக்கும் எங்கள் பாதுகாப்புக் கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. தன் கடமையைத்தான் செய்தது. ஆனால் உள்ளே இரண்டு உயிர்கள். இதமான 21 டிகிரி செல்சியஸ் நாளிலேயே மூடிய காருக்குள் அரை மணியில் 40 டிகிரி ஆகிவிடும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வண்டி காரைவிடப் பெரியது, அதனால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான். சொந்த சிம் அட்டையில் இயங்கும் அந்த வெப்பமானி இல்லாவிட்டால் கோடையில் விலங்குகளைத் தனியே விட்டு எங்கும் போக முடியாது.

மணியின் மூட்டுவலி மாத்திரையும் தீர்ந்துவருகிறது. பல மாநிலங்களில் நேரில் பார்த்த மருத்துவர்தான் மருந்து எழுதித் தர முடியும். தடுப்பூசிச் சான்று, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாவற்றையும் கைப்பேசியில் வைத்திருந்தும், ஒவ்வொரு ஊரிலும் புது ஆளாகத்தான் வரிசையில் நிற்கிறோம். 1960இல் ஜான் ஸ்டைன்பெக் தன் பூடில் நாய் சார்லியோடு நாடு சுற்றியபோது சார்லிக்கும் உடம்பு படுத்தியது. கடைசியில் அதைப் பரிவோடு கவனித்த மருத்துவர் கிடைத்தது இதே அமரில்லோவில். எங்களுக்கும் இந்த ஊர் குறை வைக்கவில்லை. இளம்பெண் மருத்துவர் தரையில் உட்கார்ந்து மணியின் இடுப்பைத் தடவிப் பார்த்தார். "மாத்திரை மட்டும் போதாது. படிக்குப் பதிலாகச் சாய்தளம் வையுங்கள், ஊர் மாற்றுவதைக் குறையுங்கள்" என்றார்.

ஜூன் 20, சலைடா, கொலராடோ

கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டருக்கும் உயரத்தில் இருக்கும் ஊர். ஏசிக்கு இரவில் ஓய்வு. சாய்தளம் வந்துவிட்டது. மணி முதலில் சந்தேகப்பட்டான், மிட்டாய் முதலில் அதில் உட்கார்ந்தாள்.

நேற்று இரவு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசினோம். நினைத்தால் நாளைக்கே கிளம்பலாம் என்பதுதான் இந்த வாழ்க்கையின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அவரும் அதற்காகத்தான் வீட்டை விற்கச் சம்மதித்தார். ஆனால் புதிதாக வந்த இடம் மணிக்குப் பிடிபடச் சில நாட்கள் ஆகின்றன. பிடிபடும்போது நாங்கள் கிளம்பிவிட்டால் அவனுக்கு எல்லா ஊரும் முதல் நாள்தான். குவார்ட்சைட் அதைக் காட்டிக்கொடுத்தது.

இனி ஓர் ஊருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் என்று முடிவாயிற்று. நாள் வாடகையைவிட மாத வாடகை கட்டுப்படியாகும். மின்சாரத்துக்கு மட்டும் தனியாக அளந்து வாங்குவார்கள். தபாலும் மருந்தும் தேடி வருவதற்கு நேரம் கிடைக்கும், ஒரே மருத்துவரை இரண்டு தரம் பார்க்கலாம். என் கணவர் தான் குறித்து வைத்த ஊர்களில் பாதியை அடித்தார். எதை அடிப்பது என்பதில் மட்டும் சின்னச் சண்டை. மொன்டானா எனக்கு வேண்டும், யூட்டா அவருக்கு.

நாயோடு கிளம்ப நினைக்கிறவர்கள் வண்டிக்குள் நாய்ப் படுக்கையை எங்கே போடுவது என்று யோசிப்பதைவிட, கதவைத் திறந்தால் எத்தனை நாளைக்கு அதே தரை இருக்கும் என்று யோசிப்பது நல்லது. பூனைக்காரர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். பொத்தானை அழுத்தும் முன் எண்ணிப் பார்த்தால் போதும்.