மாப்ள காலில் ரெண்டு வலி

எங்க அக்கா மகனுக்கு ஹீமோபிலியா. ரத்தம் உறையறதுக்கு வேணுங்கிற எட்டாம் நம்பர் ஃபேக்டர், அவன் உடம்புல ஒரு சதவீதத்துக்கும் கம்மி. கையைக் கீறிக்கிட்டா ரத்தம் நிக்காதுன்னுதான் ஊர்ல பயப்படறாங்க. பெரிய தொல்லை அது இல்லீங்க. வெளியே ஒரு சொட்டு தெரியாம முழங்கால் மூட்டுக்குள்ளயே கசியும். அந்த வலிதான் அவனைப் படுத்தற வலி.

எங்க அம்மாவோட தம்பி ஒருத்தர் மடங்கின காலோடயே வாழ்ந்து முடிச்சார். வாதம்னு சொல்லிட்டாங்க. பொம்பளைங்க வழியா வந்து பெரும்பாலும் ஆம்பளப் பிள்ளைங்களைப் பிடிக்கிற நோய்னு, இவன் தவழ்ந்து முட்டியெல்லாம் கன்னிப்போனப்ப டாக்டர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

இப்ப அவனுக்கு 26 வயசு. அவன் கால்ல வலி ரெண்டு ரகம். ஒண்ணு புதுக் கசிவு. வீங்கறதுக்கு முன்னாடியே உள்ளே எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுங்குமாம். அப்புறம் சூடு, விறைப்பு. அந்தக் குறுகுறுப்புலயே நரம்புல ஃபேக்டர் ஊசி ஏத்திட்டா பாதி வலி மிச்சம். கூடவே காலைத் தூக்கி வெச்சு, துணியில சுத்தின ஐஸ் கட்டி. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில ஊசி இலவசம்தான், ஆனா ரெண்டு பஸ் மாறணும்.

இன்னொண்ணு பழைய வலி. திரும்பத் திரும்பக் கசிஞ்சு குருத்தெலும்பு தேஞ்சு போச்சு. காலையில எந்திரிச்சா துருப்பிடிச்ச கீல் மாதிரி பிடிச்சுக்கும். இதுக்கு ஊசி கேக்காது. தொடைச் சதைக்குப் பயிற்சி, மெதுவா நடை. இதுக்குன்னு படுத்தே கிடந்தா சதை சூம்பி, மூட்டு இன்னும் சுலபமா கசியும். கசியற அன்னைக்கு நடந்தாலோ, உள்ளே இன்னும் ரொம்பும். எது எந்த வலின்னு அவன்தான் சொல்லணும், பாக்கறவங்களுக்குத் தெரியாது.

அதனாலதான் பேச்சு வருது. "நேத்து வரப்புல நடந்தான், இன்னைக்குக் கட்டில்ல கிடக்கான், வேலைக்கள்ளன்"னு ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். இன்னொருத்தர் எண்ணெய் கொண்டாந்து உருவி விடறேன்னார். நல்ல மனசுதான், ஆனா வீங்கின மூட்டை உருவினா கெட்டுது. பக்கத்து ஊர் கிளினிக்ல வலி ஊசியை இடுப்புல போட வந்தாங்க. "சதையில போடக்கூடாதுங்க, உள்ளயே ரத்தம் கட்டிக்கும்"னு இவனேதான் தடுத்தான். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையும் ஆகாது, கசிவைக் கூட்டிரும். பாரசிட்டமால் மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்குப் போட்டுக்கறான்.

இந்தப் பேச்சுக்குப் பயந்தே வலியை மறைக்கறான், அதுதான் எனக்கு ஆத்தமாட்டாம இருக்கு. மஞ்சள் வெட்டுல, "ஒண்ணும் இல்ல மாமா"ன்னு நின்னுட்டே இருந்தான். கெண்டைக்காலுக்கு மேல வேட்டி இறுகியிருந்துச்சு. எடை போடற தராசை அவன்கிட்ட இருந்து வாங்கி வெச்சிட்டு, "மாப்ள, வண்டியில ஏறு"ன்னேன். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. ஊசி ஏறி ஒரு மணி நேரம் கழிச்சு, எத்தனை மூட்டை ஆச்சுன்னு கேட்டான்.