அடுப்பங்கரைக்கு வந்த குரல்

ஓர் இல்லத்தில் முதலில் விளக்கு எரிவதும், இறுதியில் விளக்கு அணைவதும் எந்த அறையில் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கூடத்தில் அன்று, அடுப்பங்கரையில்தான். ஆயினும், வீட்டார் ஒன்றுகூடிப் பேசி மகிழும் இடங்களைக் கணக்கெடுத்தால், அந்த அறைக்குக் கடைசி இடமே கிடைக்கும். அங்கே ஒருவர் தனியே நின்று உழைப்பார். ஏனையோர் உண்ணும் நேரத்தில் மட்டும் எட்டிப் பார்ப்பர். இந்தத் தனிமையைச் சிறிதேனும் கலைத்த பெருமை ஒரு சிறு பெட்டிக்கு உண்டு. அதுவே வானொலிப் பெட்டி.

சென்ற ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமையின் பணிகள் முடிந்து ஓய்வாக இருக்கும் நாள். பங்கு இல்லத்தில் சமையல் செய்யும் அம்மா உறவினர் திருமணத்திற்காகக் கோபிக்குச் சென்றிருந்தார். விடியற்காலை தொடங்கிய மழை விடவில்லை. திம்பம் மலை மேகத்துக்குள் மறைந்துவிட்டது. மல்லிகைப் பூவைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வண்டிகளின் ஓசையும் அன்று குறைவாகவே இருந்தது. உணவகத்திற்கு ஆள் அனுப்பியிருக்கலாம். ஆனால் மழை நாளில் சுடச்சுடத் தானே சமைத்து உண்பதில் ஒரு தனிச் சுகம் உண்டல்லவா? அலமாரியில் இருந்த வானொலியைத் திருகிவிட்டு, அரிசியை அளக்கத் தொடங்கினேன்.

கொங்கு நாட்டாருக்கு அரிசி பருப்புச் சாதத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம் பருப்பு. இரண்டையும் களைந்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, தக்காளியும் மஞ்சளும் சேர்த்து, ஊறிய அரிசி பருப்பைப் போட்டு, அளவாய்த் தண்ணீர் விட்டு மூடினால் போதும். இலையில் இட்டு ஒரு கரண்டி நெய் விட்டால், வேறு குழம்பும் வேண்டாம், பொரியலும் வேண்டாம். உழைத்துக் களைத்து வந்த உழவர் குடும்பத்திற்கென்றே அமைந்த உணவு அது.

இதில் நேரம் பிடிக்கும் வேலை ஒன்றே ஒன்று: சின்ன வெங்காயம் உரிப்பது. கை வெங்காயத்தில் இருக்கிறது. கண் கலங்கி நிற்கிறது. காது மட்டும் வேலையின்றி இருக்கிறது. அந்தக் காதுக்குத்தான் வானொலி வந்து சேர்ந்தது. பாட்டு முடிந்து செய்தி, செய்தி முடிந்து உழவர்க்கான ஓர் உரை, பின்னர் மறுபடியும் பாட்டு. அன்று எனக்கு ஒன்று விளங்கியது. வானொலி நம் கையைக் கேட்பதில்லை, கண்ணையும் கேட்பதில்லை. ‘நீ உன் வேலையைச் செய், நான் பக்கத்தில் இருக்கிறேன்’ என்று சொல்வது போல் அது இருக்கிறது. தொலைக்காட்சியோ தன்னையே பார்க்கச் சொல்கிறது. கைபேசியோ கண்ணையும் கையையும் ஒருசேரப் பற்றிக்கொள்கிறது.

என் இளமையில் எங்கள் வீட்டு வானொலி கூடத்தில், சுவரில் அடித்த பலகையின் மேல் இருந்தது. வால்வு பொருத்திய பெட்டி, திருகியவுடன் பேசாது, சூடேறிய பின்னரே குரல் எழும்பும். அதை வைத்திருப்பதற்கே அந்நாளில் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். காலை 7.15 மணிக்கு டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி தொடங்கும். அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்துவோம். செய்தி வாசித்தவர்களுள் சரோஜ் நாராயணசாமி அவர்களின் குரல் எம் போன்றோர்க்கு வீட்டு மனிதரின் குரல். 2022-ஆம் ஆண்டு அவர் மறைந்த செய்தி வந்தபோது, முகம் பார்த்தறியாத பலரும் தம் உறவினர் ஒருவரை இழந்தாற்போல் வருந்தினர். இலங்கை வானொலியின் மயில்வாகனம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரையும் தமிழகம் குரலால்தானே அறிந்தது!

என் தாயார் அந்தப் பெட்டியின் முன் அமர்ந்து கேட்டதை நான் கண்டதே இல்லை. பெட்டியின் முகத்தை அடுப்பங்கரை வாயிலை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நாடகம் நடக்கும்போது அம்மிக் கல்லின் ஓசை சற்றே நிற்கும். ‘அப்புறம் அவள் என்ன சொன்னாள்?’ என்று உள்ளிருந்து ஒரு கேள்வி வரும். கூடத்தில் இருக்கும் நாங்கள் விடை சொல்வோம். சுவருக்கு அந்தப் புறம் இருந்த அவரும் இந்தப் புறம் இருந்த நாங்களும் ஒரே கதையைக் கேட்டோம். ஒரே இடத்தில் சிரித்தோம். குடும்பம் கூடியிருத்தல் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் குரல் நம் வீடுகளை வந்தடைந்த வழி எளிதன்று. 1924-இல் சென்னையில் ஆர்வலர் சிலர் கழகம் அமைத்து ஒலிபரப்பைத் தொடங்கினர். பணமின்மையால் அது சில ஆண்டுகளில் ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. பின்னர் அகில இந்திய வானொலியின் நிலையம் சென்னையில் 1938-இலும், திருச்சிராப்பள்ளியில் 1939-இலும் அமைந்தது. நம் கோவைக்கு நிலையம் கிடைத்தது 1966-இல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்ய இயலும் என்று 1941-இல் அறிவித்தவர் கோவையின் ஜி. டி. நாயுடு. செல்வர் வீட்டுப் பொருள் எளியோர் வீட்டுக்கும் வரவேண்டும் என்பது அவர் எண்ணம்.

வானொலிக்கும் சோற்றுப் பானைக்கும் உள்ள உறவுக்கு ஒரு சான்று கூறுவேன். 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி.-27 என்ற குறுகிய கால நெல் வெளிவந்தது. தஞ்சை உழவர்களுக்கு அதன் சிறப்பைத் திருச்சி வானொலி எடுத்துரைத்தது. விதை, உரம், நீர் என்று ஒவ்வொன்றையும் காதில் கேட்டு வயலில் இறங்கினர் மக்கள். அந்த நெல்லுக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘வானொலி நெல்’! காற்றில் வந்த சொல் வயலில் விளைந்து, உலையில் கொதித்து, பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியது. நல்ல சொல் வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிற்க. காலம் மாறிற்று. 1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சிற்றூர்களின் கூடங்களையும் அது பிடித்துக்கொண்டது. கூடத்தில் எல்லாரும் படம் பார்க்க, அடுப்பங்கரையில் இருந்தவர் மீண்டும் தனியரானார். வசனம் காதில் விழும், முகம் தெரியாது. இன்று கைபேசி வந்து கூடத்தில் இருந்தவர்களையும் தனித்தனியே பிரித்துவிட்டது. கேட்பார் குறையவே, கடல் கடந்து வந்த குரல்களும் ஒவ்வொன்றாய்ச் சிற்றலையை விட்டு நீங்கின. பி.பி.சி.யின் தமிழோசை 2017-இல் தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. நம் குடும்பங்கள் பல ஆண்டுகள் விரும்பிக் கேட்ட வேரித்தாஸ் வானொலியின் சிற்றலை ஒலிபரப்பும் 2018-இல் நின்று, இணையத்திற்கு மாறியது.

இணையத்திற்கு மாறியதில் குறை ஒன்றுமில்லை என்பர் இளைஞர். உண்மைதான். ஆனால் குமிழைத் திருக மட்டுமே அறிந்த முதியோரை நினைத்துப் பாருங்கள். எங்கள் பங்கில் எழுபதைக் கடந்த கைம்பெண் ஒருவர் தனியே வாழ்கிறார். பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் நல்ல நிலையில் உள்ளனர்; மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்புகின்றனர். அவர் வீட்டிற்கு எப்போது சென்றாலும் வானொலி பாடிக்கொண்டே இருக்கும். ஒருநாள், “என்னம்மா, பாட்டு அவ்வளவு பிடிக்குமா?” என்று கேட்டேன்.

“பாட்டு எதுன்னே தெரியாதுங்க சாமி. எதுத்தாப்புல ஒருத்தரு பேசிக்கிட்டிருந்தாத்தானுங்க ரெண்டு வாய் சோறு எறங்குது” என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. ஒருவருக்கு மட்டும் உலை வைப்பது எத்துணைக் கடினம்! ‘எனக்கொருத்திக்கு எதற்கு?’ என்று பழைய சோற்றோடு நிறுத்திக்கொள்ளும் முதியோர் எத்தனை பேர்! அவர்களை அடுப்புப் பற்றவைக்கச் செய்வது, பக்கத்தில் ஒலிக்கும் ஒரு மனிதக் குரலே. ஆதலின் தனித்திருக்கும் பெற்றோர்க்கு நல்லதொரு வானொலி வாங்கிக் கொடுங்கள் என்று சொல்வேன். ஆனால் அத்தோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். வானொலி பேசும்; கேட்காது. ‘முழங்கால் வலிக்கிறது’ என்றால், ‘எங்கே?’ என்று அது திரும்பக் கேட்பதில்லை. அந்தப் பணியை இறைவன் மனிதர்க்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறான் போலும்.

அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகளே! மாதத்தில் ஒரு நாளேனும் வெளியூர்ப் பயணமும் கடைவீதியும் இன்றி வீட்டிலேயே இருந்து பாருங்கள். கைபேசிகளை ஒரு கூடையில் இட்டு வையுங்கள். வானொலியை அடுப்பங்கரையில் கொண்டுபோய் வையுங்கள். தந்தை தேங்காய் துருவட்டும். மகன் வெங்காயம் உரிக்கட்டும். ‘அது பெண்கள் வேலை’ என்ற பேச்சு அன்று வேண்டாம். பாட்டிக்கு ஒரு நாற்காலி போட்டு, உப்புப் பார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பழைய பாட்டு ஒன்று வந்தால், ‘இது எந்தப் படம்?’ என்று அவரையே கேளுங்கள். விடையோடு, நீங்கள் இதுவரை கேட்டறியாத ஒரு குடும்பக் கதையும் வெளிவரும்.

அக்கதை தொடங்கியதும் ஒன்று செய்யுங்கள்: வானொலியின் ஓசையைச் சற்றே குறைத்துவிடுங்கள்.