தூங்காத சிசுவும் தூங்காத தாயும்



பெங்களூரில் வீடு சந்திப்பு ஊழியம் செய்கிற எந்தப் போதகரையும் கேட்டுப் பாருங்கள். புதிதாய்ப் பிள்ளை பெற்ற வீட்டில் முதலாவது வருகிற ஜெப விண்ணப்பம் அநேகமாய் ஒன்றாகவே இருக்கும்: "பாஸ்டர் ஐயா, பிள்ளை பகலெல்லாம் நன்றாய்த் தூங்குகிறது, ராத்திரியானால் கண்மூடுகிறதில்லை. ஜெபம் பண்ணுங்கள்." லிங்கராஜபுரத்திலும் ஈஜிபுராவிலும் ஸ்ரீராமபுரத்திலும் இதே வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன்.

ஊரிலே இந்த விண்ணப்பம் இவ்வளவாய் எழும்புவதில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் ஜனங்களின் வழக்கம். அங்கே பாட்டி ஒரு ஜாமம், அம்மா ஒரு ஜாமம், சித்தி ஒரு ஜாமம் என்று பிள்ளையை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளுவார்கள். பிள்ளை தூங்காவிட்டாலும் பெற்றவள் தூங்கினாள். இந்தப் பட்டணத்திலோ பத்துக்குப் பத்து அறை. கணவன் இரவு வாடகைக் கார் ஓட்டுகிறான், அல்லது ஒயிட்ஃபீல்டில் இரவு ஷிப்ட். உதவிக்கு வந்த மாமியார், ஊரில் மற்றப் பேரப்பிள்ளைகள் இருப்பதினால், ஒரு மாதம் ஆவதற்குள் பஸ் ஏறிவிடுகிறார். மூன்று ஸ்திரீகள் சுமந்த இரவை ஒருத்தியே சுமக்கிறாள்.

ஜெபித்துவிட்டு, சில காரியங்களையும் சொல்லிவிட்டு வருவது என் வழக்கம். வேதாகமக் கல்லூரியில் எனக்கு எபிரெயமும் கிரேக்கமும் கற்பித்தார்கள். சிசுவின் தூக்கத்தைப்பற்றி ஒரு மணி நேரப் பாடமும் இருந்ததில்லை. என் மனைவியிடமும், சபையில் செவிலியராய்ப் பணிபுரியும் சகோதரிகளிடமும், பின்பு வாசிப்பினாலும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலாவது, இரவில் விழித்திருக்கிற சிசுவுக்கு வியாதி என்று எண்ணவேண்டாம். தாயின் கர்ப்பத்தில் இருக்கும்வரை அதற்கு இராப்பகல் தாயின் வழியாகவே தெரிகிறது. இருட்டும்போது தாயின் சரீரத்தில் சுரக்கிற மெலடோனின் என்னும் சுரப்பு, நச்சுக்கொடி வழியாய்ப் பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. பிறந்து கொடி அறுபட்டதும் அந்த வழி நின்றுபோகிறது. பிள்ளையின் சொந்தக் கடிகாரம் ஓடத்தொடங்க இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். ஆகையால் முதல் வாரங்களில் அதற்கு நடுராத்திரியும் நடுப்பகலும் ஒன்றே. ஆனால் தாயின் இராத்திரிப் பாலில் அந்த மெலடோனின் இருக்கிறது. பகற்பாலில் அது மிகக் குறைவு. கர்த்தர் எவ்வளவு நுட்பமாய் ஏற்படுத்தியிருக்கிறார் என்று அதை வாசித்தபோது நான் ஆச்சரியப்பட்டேன்.

புதிதாய்ப் பிறந்த பிள்ளை ஒரு நாளில் ஏறக்குறைய 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. தூக்கத்தின் அளவில் குறைவு இல்லை. அது துண்டு துண்டாய் வருவதே தாயின் பாடு. இரைப்பை சிறியது, தாய்ப்பால் சீக்கிரம் ஜீரணிக்கும், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பசிக்கும். ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்பது ஆரோக்கியமான பிள்ளையின் லட்சணம். அந்த வயதில் இரவு முழுவதும் அசையாமல் தூங்கவேண்டும் என்று விரும்புவது, விதைத்த மறுநாளே அறுவடை கேட்பதற்கு ஒப்பாகும்.

இன்னொரு காரியமும் உண்டு. சிசுவின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, கண்ணிமைக்குள் விழி உருளும் தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் 1953-ஆம் ஆண்டில் இதைப்பற்றி எழுதினார்கள். தூங்குகிற குழந்தைகளின் கண்களைக் கவனித்ததிலிருந்தே அந்த ஆராய்ச்சி தொடங்கியது. இவ்விதத் தூக்கத்தில் பிள்ளை முனகும், முகம் சுளிக்கும், சிரிக்கும், கைகால்களை உதறும். விழித்துவிட்டது என்று எண்ணி தாய் உடனே தூக்குவாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை அப்பொழுதுதான் விழிக்கும். ஆகவே முனகல் கேட்டதும் கையை நீட்டாமல், அழுகைதானா என்று சற்றுப் பார்த்திருங்கள். அநேகமுறை தானாகவே அடங்கிவிடும்.

பகலையும் இரவையும் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவது பெரிய காரியமல்ல. காலையில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரவிடுங்கள். பகலில் பிள்ளை தூங்குகிறதே என்று குக்கர் விசிலுக்கும் தெருவில் போகிற வண்டிக்காரன் சத்தத்துக்கும் அஞ்சவேண்டாம். இரவு பால் கொடுக்கும்போது மட்டும் பெரிய விளக்கைப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், கைப்பேசியின் ஒளி முகத்தில் படாமல், கொடுத்துத் துடைத்துக் கிடத்திவிடுங்கள். ஆறாம் வாரம் அளவில் அழுகை உச்சத்திற்கு ஏறி, மூன்று நான்கு மாதங்களில் தணியும் என்று அமெரிக்க மருத்துவர் பிரேசில்டன் 1962-இல் எழுதிய ஆய்வு முதற்கொண்டு மருத்துவர்கள் சொல்லிவருகிறார்கள். ஐந்தாம் வாரத்தில் கண்ணீர்விடுகிற தாயிடம் இதைச் சொன்னால் அவள் முகம் கொஞ்சம் தெளிகிறதை நான் கண்டிருக்கிறேன். முடிவு தெரிந்த பாடு சுமக்கக்கூடியது.

"மடியில் தூங்குகிறது, பாயில் போட்டால் வீறிட்டு அழுகிறது" என்பது அடுத்த முறையீடு. ஜப்பானில் ரிக்கென் நிறுவனத்தார் 2022-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதற்கு எளிய வழி காட்டியது. அழுகிற பிள்ளையை ஏந்திக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடக்கவேண்டும்; அது தூங்கியதும் உடனே கிடத்தாமல், ஐந்து முதல் எட்டு நிமிடம் அப்படியே அமர்ந்திருந்து, பின்பு கிடத்தவேண்டும். ஆய்வுக்குட்பட்ட பிள்ளைகள் இருபத்தொன்றுதான், ஆகையால் இதைப் பிரமாணமாக்க வேண்டாம். என்றாலும் தோளில் போட்டு முற்றத்தில் உலாவிய நம் பாட்டிமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

தூளியைப்பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வாடகை வீட்டில் கொக்கி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. அதினால் இரும்புச் சட்டமும் ஸ்பிரிங்கும் உள்ள தொட்டில் வாங்குகிறார்கள். சேலைத் தூளி பிள்ளையை அணைத்தாற்போல் தாங்கும், ஆட்டினால் தூங்கும். ஆனால் துணி குழிந்து, சிசுவின் தாடை மார்பில் முட்டும்படி வளைந்தால் மூச்சுக்குழல் நெரியும். கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தன் தலையைத் தானே நிமிர்த்தத் தெரியாது. ஊரிலே தூளி அடுப்படிக்கும் திண்ணைக்கும் நடுவே தொங்கிற்று. நாலு கண்கள் அதின்மேல் இருந்தன. மூடிய அறையில் தூளியில் போட்டுவிட்டு மாடியில் துணி துவைக்கப் போவது வேறு காரியம். தூளியில் தூங்கவைத்தாலும், தூங்கியபின் சமமான பாய்க்கு மாற்றிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

அந்தப் பாயில் பிள்ளை மல்லாந்தே படுக்கவேண்டும். இதை அழுத்தமாய்ச் சொல்லுகிறேன், ஏனெனில் குப்புறப் போட்டால் நன்றாய்த் தூங்கும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நன்றாய்த்தான் தூங்கும், எளிதில் விழிக்காத அந்தத் தூக்கமே ஆபத்து. மேல்நாடுகளில் நல்ல சுகத்தோடிருந்த குழந்தைகள் தூக்கத்திலே காரணம் தெரியாமல் மரித்துக்கொண்டிருந்தன. 1991-இல் பிரிட்டனிலும், 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தினாலும், பிள்ளையை மல்லாத்திக் கிடத்துங்கள் என்ற அறிவிப்பு பரவிற்று. அதற்குப்பின் வந்த ஆண்டுகளில் அவ்வித மரணங்கள் பாதிக்கும் கீழாய்க் குறைந்தன. மருந்தில்லை, செலவில்லை, படுக்கவைத்த விதம் மாறியது, அவ்வளவே.

தலை உருண்டையாய் வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, மெத்தென்ற பஞ்சு மெத்தை, முகத்தருகே கரடி பொம்மை, இவைகளை எடுத்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் இரவு 15 டிகிரி அளவுக்குக் குளிரும்போது, தென்மாவட்டங்களிலிருந்து வந்த நம் ஜனங்கள் பயந்து, கம்பளித் தொப்பி, இரண்டு சால்வை, அதன்மேல் ரஜாய் என்று பிள்ளையைப் பொதிந்துவிடுகிறார்கள். நீங்கள் உடுத்தியிருப்பதைவிட ஓர் உடை அதிகம் போதும். முகத்தை மூடவேண்டாம், தூங்கும்போது தொப்பியும் வேண்டாம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். எண்ணெய்க் குளிப்பாட்டு பிள்ளையைச் சுகமாய்த் தூங்கவைக்கும். ஆனால் அதற்குப் பிறகு போடுகிற சாம்பிராணிப் புகையும், இரவெல்லாம் எரிகிற கொசுவர்த்திச் சுருளும் அந்தச் சிறு நுரையீரலுக்கு ஆகாது. கொசுவலைக் குடை நல்லது. தாயும் பிள்ளையும் ஒரே பாயில் படுப்பது நம் வழக்கம். அந்தப் பாயில் குடித்தவனும், புகைப்பவனும், தூக்க மாத்திரை சாப்பிட்டவரும் படுக்கக்கூடாது. குறைமாதப் பிள்ளையானால் பாய் தனியாகவும் அறை ஒன்றாகவும் இருக்கட்டும்.

இனி, தூங்கவைக்கிற மருந்தைப்பற்றி. 1920-களில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைசெய்த தாய்மார், வேலைக்குப் போகுமுன் அபின் கலந்த சிறு உருண்டையைப் பிள்ளைக்குக் கொடுத்துக் கிடத்திவிட்டுப் போனார்கள் என்று அக்காலத்து அறிக்கைகள் கூறுகின்றன. அவர்கள் கொடூரிகள் அல்ல. பிழைப்புக்காகப் பட்டணம் வந்தவர்கள், பிள்ளையைப் பார்க்க ஆளில்லாதவர்கள். பீனியாவிலும் மைசூர் சாலையிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற நம் சகோதரிகளுக்கும் அதே நெருக்கம் உண்டு. இன்று அபின் இல்லை. அதின் இடத்தில் சளி மருந்து இருக்கிறது. "இரண்டு சொட்டு கொடு, அசந்து தூங்கும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லுவார்கள். சளிக்குக் கொடுக்கும் ஒரு கூட்டு மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாவில் நஞ்சு கலந்த இருமல் மருந்தினால் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மரித்தன. தேன் தொட்டு நாவில் வைப்பதும் ஒரு வயதுவரை வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும்.

மூன்று மாதத்திற்குள் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், எழுப்பியும் பால் குடிக்க எழும்பாத மயக்கம், மூச்சுத் திணறல், உள்ளங்கால் வரை பரவிய மஞ்சள் நிறம், இவைகளில் ஒன்று கண்டால் போதகருக்குப் போன் செய்யுமுன் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். ஜெபத்தை ஆட்டோவிலும் பண்ணலாம்.

இப்பொழுது சற்று வருத்தமான காரியத்திற்கு வருகிறேன். பிள்ளை தூங்காத வீட்டில் ஒரு கேள்வியை நான் தவறாமல் கேட்கிறேன்: "அம்மா, பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா?" வருகிறது, ஆனால் வேலை விடுகிறதில்லை என்றால் அது களைப்பு. பிள்ளை தூங்கியும் தனக்குத் தூக்கம் வரவில்லை, காரணமின்றி அழுகிறேன், பிள்ளையின்மேல் பாசமே வரவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது பிரசவத்திற்குப்பின் வருகிற மனநோய். யாரோ பேசுகிற சத்தம் கேட்கிறது, பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் அவள் சொன்னால், அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். பிரசவத்திற்குப்பின் முதல் இரண்டு வாரங்களில் இது திடீரென்று தோன்றக்கூடும். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து.

நம் சபைகளில் இதைப் பிசாசின் கிரியை என்று சொல்லி, பச்சை உடம்புக்காரியை முழு இரவு ஜெபத்தில் உட்காரவைப்பவர்கள் உண்டு. தூக்கமின்மையே அவளுடைய வியாதியைப் பெருக்குகிறது; அவளை இன்னொரு இரவு விழித்திருக்கச் செய்வது எந்த ஊழியமும் அல்ல. சபையார் விழித்திருந்து ஜெபிக்கட்டும், அவள் தூங்கட்டும். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், தாயைப் பிள்ளையினின்று பிரிக்காமல் இருவரையும் ஒன்றாய் வைத்துப் பராமரிக்கும் பிரிவு 2009 முதல் நடைபெற்றுவருகிறது. நம் பட்டணத்திலேயே இப்படி ஓர் இடம் இருப்பதை நம்மில் அநேகர் அறியார்கள். போக மனம் கூசுகிறவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம்; 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, தமிழிலும் பேசுவார்கள்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. பால் கொடுப்பது ஒன்றுதான் உங்களால் கூடாதது. ஏப்பம் எடுக்கவைப்பது, துணி மாற்றுவது, உலாவித் தூங்கவைப்பது யாவும் கூடும். ஒன்பது மணிக்கு மனைவி பால் கொடுத்துப் படுத்துவிட்டால், அடுத்த பசி வரும்வரை பிள்ளை உங்கள் தோளில் இருக்கலாம். அந்த மூன்று மணி நேரத் தொடர்ச்சியான தூக்கம் அவளுக்கு மருந்தைவிட மேலானது. தாலாட்டுத் தெரியாதே என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். ஞாயிறு ஆராதனையில் பாடுகிற பாட்டையே தாழ்ந்த குரலில் பாடும் என்றேன். பிள்ளை ராகத்தில் பிழை காணாது.

இரவு ஷிப்ட் உள்ள வீடுகளுக்காக எங்கள் சபையில் ஸ்திரீகள் சங்கத்தார் ஓர் ஒழுங்கு செய்துகொண்டார்கள். பிறந்தவுடன் எல்லாரும் கூட்டமாய்ப் போய்ப் பழம் கொடுத்து, போட்டோ எடுத்துத் திரும்புவதில்லை. நாளுக்கு ஒருவராய், பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, பிள்ளையை வைத்துக்கொள்ளப் போகிறார்கள். தாய் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். போகிற சகோதரிகள் கையைச் சோப்பினால் கழுவவேண்டும், சளி இருந்தால் போகக்கூடாது, ஆலோசனை சொல்லக்கூடாது. மூன்றாவது நிபந்தனையைக் கைக்கொள்ளுவதுதான் கடினமாயிருக்கிறது என்கிறார் என் மனைவி.

பிள்ளைப் பிரதிஷ்டைக்குச் சபைக்கு வரும்போது, ஸ்பீக்கர் பெட்டிக்கும் டிரம்ஸுக்கும் தூரமாய், வாசலருகே அமருங்கள். பால் கொடுக்கத் திரை போட்ட ஓர் இடத்தை மூப்பர்கள் ஆயத்தப்படுத்துவது நலம். பிள்ளை ஆராதனை நடுவே தூங்கிவிட்டால் எழுப்பவேண்டாம். பிரசங்கத்தின்போது தூங்குகிற பெரியவர்களையே நான் எழுப்புகிறதில்லை.