எலும்பு கூடும் வரை

எம்.பி.பி.எஸ்., ஹவுஸ் சர்ஜன், எம்.எஸ். ஆர்த்தோ, அதன்பின் முதுகெலும்புக்கென்று தனிப் பயிற்சி. கூடப் படித்தவர்கள் வீடு கட்டிக் குடிபோனபோதும் நான் வார்டில் இரவு டியூட்டிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அரிசி மண்டியில் மூட்டை சுமந்தவர். "இன்னும் எத்தனை வருஷம்டா?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தன் முதுகை எனக்குக் காட்டியதும் இல்லை. முன்னதற்கு நன்றியோடு இருக்கிறேன். பின்னது இன்றும் உறுத்துகிறது.

எனக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுத்தது ஹாரிங்டன் கம்பி. பால் ஹாரிங்டன் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர். 1940-களின் பிற்பகுதியில், போலியோவால் முதுகு கோணிய குழந்தைகள் அவரிடம் வந்தார்கள். மூச்சும் பலவீனப்பட்டிருந்த பிள்ளைகளை நெஞ்சு இறுக மாவுக்கட்டுப் போட்டு வைக்க முடியாது. ஆகவே வளைவின் உட்புறத்தில் மேலும் கீழும் கொக்கி மாட்டி, நடுவில் எஃகுக் கம்பி கொடுத்து, கார் ஜாக்கியைப்போல் பல் பல்லாக ஏற்றினார். முதுகு நிமிர்ந்தது, நிலைக்கவில்லை. கொக்கி நழுவியது, கம்பி முறிந்தது. எலும்புச் சீவல் வைத்து முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று கூடவைத்தால்தான் நிலைக்கும் என்று தெளியவே ஆண்டுகள் ஆயின. தம் முறையை 1962-ல் விரிவாக வெளியிட்டார். எலும்பு கூடும் வரைதான் கம்பி தாங்கும். கூடாவிட்டால் எந்தக் கம்பியும் ஒருநாள் முறியும்.

இது தெரிந்தும் நான் அவசரப்பட்டிருக்கிறேன். முதுகு கோணிய பதினான்கு வயதுப் பெண். "போதும்" என்று சீனியர் சொன்ன பிறகும் இன்னொரு பல் ஏற்றினேன். தண்டுவடத்துக்குச் சேதமில்லையா என்று பார்க்க, நடு ஆபரேஷனில் மயக்கத்தைக் குறைத்து எழுப்புவது அப்போதைய வழக்கம். பிரான்சில் ஸ்டான்யாரா குழுவினர் 1973-ல் வெளியிட்ட முறை அது. மயக்க மருத்துவர் குனிந்து, காதருகே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "கையைப் பிடிம்மா." பிடித்தாள். "காலை அசைம்மா." துணிக்கு அடியில் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர் சொன்னார்: "இடது கால் அசையலை, சார்."

இரண்டு பல் இறக்கினோம். மறுபடி கூப்பிட்டார்கள். சற்றுப் பொறுத்துக் கட்டைவிரல் மெல்ல அசைந்தது. அந்தச் சில நிமிஷங்களை நான் வயதுக் கணக்கில்தான் எண்ணிக்கொள்கிறேன்.

கை பழகும் வயதில் ஆசையும் சேர்ந்தே பழகிவிடும். எக்ஸ்-ரேயில் நேர்கோடு பார்க்க விரும்பியது நான். நடக்க வேண்டியது அவள். தோள் சற்று ஏறியிறங்கித்தான் நின்றது. அவள் அம்மா அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததை அவரிடம் நானே சொன்னேன். சீனியர் என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ, அவர் திட்டவில்லை.

பிறகு ஆறு மாதம் உடம்பெல்லாம் மாவுக்கட்டு, அதில் அக்னி நட்சத்திரம் வேறு. அரிப்பெடுத்தால் பனையோலை விசிறிக் காம்பை உள்ளே விட்டுச் சொறிந்துகொள்வாள். கட்டைப் பிரித்த அன்று, முதுகு எப்படி இருக்கிறது என்று அவள் விசாரிக்கவில்லை.

"சார், இன்னைக்குத் தலைக்குக் குளிக்கலாமா?" என்றாள்.